துய்யா கேட்காத பேச்சு

அடுத்தவர் பேச்சைக் கேட்பதுதான் துய்யாவின் தொழில். வேலையில் தடுமாறி நிற்பவர்கள் பின்லாந்தின் யுவாஸ்கூலா நகரில் ஏரியைப் பார்த்திருக்கும் அவளுடைய அறைக்கு வருவார்கள். கோச், அதாவது வேலை வழிகாட்டி என்று பெயரே தவிர, அவள் யாருக்கும் புத்திமதி சொன்னதில்லை. ஒரு கேள்வி கேட்பாள், பதில் வரும்வரை பொறுமையாக இருப்பாள். "அவங்க முன்னாடி உட்கார்ந்தா உலகத்துல நாம ஒருத்தர்தான் இருக்கோம்னு தோணும்" என்பார்கள் வந்து போனவர்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் வேயோ வந்தார். காகித ஆலையில் பிரிவுத் தலைவர். ஆலை ஆட்களைக் குறைத்தபோது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தவர் அவர்தான். அதன்பிறகு அவருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. நிர்வாகமே இங்கே அனுப்பியது. வந்து உட்கார்ந்தால் வானிலையைத் தாண்டி அவர் வாயிலிருந்து எதுவும் வராது.

"நான் பேசலேன்னா உங்களுக்கு வேலை மிச்சம்தானே?" என்றார் ஒருமுறை.

"பேசாம இருக்கிறவரைக் கேட்கிறதுதான் பெரிய வேலை" என்றாள் துய்யா.

அன்றுதான் அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

அக்டோபரில் துய்யாவின் தம்பி இல்போவுக்குக் கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போனது. பெற்றோர் போனபின் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு அவன். ஒருநாள் காலையில் மருத்துவமனையில் அவனைப் பார்த்துவிட்டு எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போய் உன் ஆட்களைப் பாரு. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?" என்றான்.

அதே மனதோடு வேயோவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவரிடம் நிலைமையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றைக்கென்று பார்த்து வேயோ பேச ஆரம்பித்தார். ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்ன அறையைப் பற்றி, அங்கே யாரும் தொடாமல் ஆறிப்போன காபியைப் பற்றி. துய்யா தலையசைத்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த இல்போவின் மணிக்கட்டு எவ்வளவு மெலிந்துபோயிருந்தது என்று நினைத்தாள். அறை அமைதியானபோதுதான் நிமிர்ந்தாள். வேயோவின் கண்கள் கலங்கியிருந்தன.

"அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள்.

"எதைப் பத்தி?"

அவள் மடியிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள், பக்கம் வெறுமையாக இருந்தது.

"நான் இப்ப என்ன சொன்னேன், துய்யா?"

"தெரியல. நான் இங்க இல்ல, வேயோ. என் தம்பி சாகக் கிடக்கான்."

அவர் கோபப்படவில்லை. எழுந்து அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினார். "அப்ப இங்க என்ன பண்றீங்க? வாங்க, வண்டி கீழதான் நிக்குது."

வேயோ அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். இல்போ மாலைவரை இருந்தான். கடைசி மூச்சுவரை துய்யா அவன் கையை விடவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து வேயோ மறுபடியும் வந்தார். அன்று சொன்னதை இன்னொருமுறை சொல்ல முடியுமா என்று அவள் கேட்டாள்.

அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க மேல வருத்தம் ஒண்ணுமில்ல. ஆனா அது ஒரு தடவைதான் வெளிய வந்துச்சு. இனி வராது."

வேறொருவரிடம் அனுப்புவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார். வசந்தத்தில் ஆலையை விட்டும் விலகினார்.

துய்யா தொழிலைத் தொடர்ந்தாள். மனம் வேறெங்கோ இருக்கும் நாளில், வந்தவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவாள். சிலர் எழுந்து போவார்கள். சிலர் இருப்பார்கள்.

ஒருநாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த வேயோவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார், அவளும் தலையசைத்தாள். மீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவர் தன் வழியே போனார்.