கோபுரத் திறப்பைக் கொண்டுபோனவருக்கு

காசில்லாமல் பார்க்கக்கூடிய இடங்களுக்குச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில். அந்தத் தொழிலின் கழுத்தைத் திருகினவர் நீங்கள். ஓம், உங்களைத்தான் சொல்கிறேன். ஆரென்று தெரியாது. அன்றைக்கு என் வான் வண்டியில் வந்த எட்டுப் பேரில் ஒராள் என்பது மட்டும் தெரியும். ஒரு சாண் நீளமான இரும்புத் திறப்பு, கோபுரக் கதவின் சாவி, உங்கள் கோட்டுப் பைக்குள்ளோ கைப்பைக்குள்ளோ கிடக்கிறது. அது வந்து சேராவிட்டால், பனி விலகின கையோடு அந்தக் கோபுரக் கதவின் பூட்டை உடைத்து, புதுக் கதவு போட்டு, பக்கத்தில் காசு வாங்கும் ரிக்கற் மெசினும் வைக்கப்போகிறார்கள். அந்த ஊரில் சனம் சும்மா ஏறிப் பார்க்கிற ஒரே கோபுரம் அது!

மற்ற வாசகர்கள் குறை நினைக்காதையுங்கோ. நீங்களும் சொந்தக்காரர் வந்தால் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றி, "இஞ்சை என்ன கிடக்கு, அங்கை என்ன கிடக்கு" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தொண்டை வறண்டவர்கள்தானே. என் கதை உங்களுக்கு விளங்கும்.

சும்மா என்றால் பயம்

ஜெர்மனியில், கொலோன் நகரில் பத்து வருடம் கந்தோர் கந்தோராக, அலுவலகம் அலுவலகமாகத் தரை துடைத்தேன். பிறகு பழைய ஒன்பது சீற் வான் ஒன்றை, விற்றவன் தலையில் கைவைத்துக் குந்துமட்டும் விலை குறைத்து வாங்கினேன். ஆட்களை ஏற்றி ஓடுகிற லைசென்சும் எடுத்தேன். யூரோ வந்த புதுசு. எல்லாம் இரட்டிப்பு விலையாய்ப் போச்சென்று சனம் புலம்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் அரண்மனை வாசலில், ரிக்கற் விலையைப் பார்த்துவிட்டு ஐந்து பேர்க் குடும்பம் ஒன்று அப்படியே திரும்பி நடந்ததைக் கண்டேன். அந்த நிமிடமே முடிவெடுத்தேன். வான் கூலி மட்டும் எனக்கு. போகிற இடத்தில் ஒரு சதமும் இல்லை!

இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு பழைய சந்தை ஊர். பெயர் சொல்லமாட்டேன், நாளைக்கே பத்து வான் போய் நிற்கும். ஊரைச் சுற்றி நடந்து பார்க்க மதில். கறுப்பு மரச்சட்டம் போட்ட கோணல் வீடுகள். தேவாலயம். சனிக்கிழமைச் சந்தை. பகல் பன்னிரண்டுக்கு மரப் பொம்மைகள் வெளியில் வந்து தலையாட்டிவிட்டுப் போகிற நகரசபை மணிக்கூடு. கோபுரம். எதற்கும் காசில்லை! முதல் பயணத்தில் மியூனிக்கிலிருந்து வந்த தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருந்தார், கம்ப்யூட்டர் வேலை. காலையிலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்னேரம் வானைத் திருப்பின பிறகுதான் வாய் திறந்தார்: "அக்கா, எல்லாம் ஃப்ரீன்னு சொன்னீங்களா, கடைசியில எங்கயாவது ஒரு ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய் கதவைச் சாத்தி போர்வை விப்பீங்களோன்னு நாள் பூரா பயந்துட்டே இருந்தேன்."

பதினாறு சப்பாத்து

இன்னொரு பயணத்தில் வானை நிறுத்திவிட்டு வருகிறேன், தேவாலய வாசற்படியில் பதினாறு சப்பாத்து. எட்டுச் சோடியும் வரிசையாய், ஒழுங்காய், சின்னப் பிள்ளையின் பூட்ஸ் உட்பட! உள்ளே எட்டுப் பேரும் காலுறையோடு குளிர்ந்த கல்லில் நடந்து திரிகிறார்கள். "இஞ்சை கழட்டத் தேவையில்லை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "சாமி இருக்கிற இடமெல்லோ அக்கா, எப்பிடிச் சப்பாத்தோடை போறது?" என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள்.

அதற்குள் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற நெட்டை மனுசன் வந்துவிட்டார். சப்பாத்துகளைப் பார்த்தார், எங்கள் கால்களைப் பார்த்தார். நான் சண்டைக்கு ஜெர்மன் சொற்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே போய், ஒரு நீளக் கம்பளத்தைச் சுருட்டாய்த் தூக்கிவந்து, வாசலிலிருந்து பீடம் வரைக்கும் உருட்டி விரித்தார். பிறகு சொன்னார்: "இருபது வருடமாக இந்தக் கல்லைத் துடைக்கிறேன், இதற்கு மரியாதை கொடுத்தவர்களை இன்றைக்குத்தான் கண்டேன், ஆனால் உங்களுக்குச் சளி பிடித்துத் தடிமன் வந்தால் என்னைத்தான் திட்டுவீர்கள், இதிலே நடங்கள்."

சந்தை கலையும் நேரம்

சந்தையைச் சுற்றிப் பார்க்கக் காசில்லை. ஆனால் எங்கள் சனத்துக்குப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க ஏலாது. ஜெர்மன்காரன் எழுதி வைத்த விலையை எழுதின மாதிரியே கொடுத்துவிட்டுப் போவான். நானோ? ஒரு மணிக்குச் சந்தை கலையும், பத்து நிமிடம் முந்தி மரக்கறிக்காரனுக்கு முன்னால் போய் நிற்பேன். "இந்தத் தக்காளியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்த் திங்கட்கிழமை ஆருக்கு விற்கப்போகிறாய்? வழியிலேயே கூழாகிவிடும்!" என் பின்னால் எட்டுப் பேரும் தலையாட்டுவார்கள். அவன் முகம் சிவக்கும், என் முகமும் சிவக்கும், பெட்டி கைமாறும். ஆ, அந்தச் சந்தோசத்துக்கு ஈடில்லை!

மூன்றாம் வாரச் சனிக்கிழமை வான் சந்தை மூலையில் திரும்பும்போதே அவன் மனைவியைப் பார்த்துக் கத்தியது என் காதில் விழுந்தது: "அந்த அம்மா வருகிறா, நல்ல தக்காளியைக் கீழே வை!"

பேக்கரியில் ஒரு நல்ல சண்டை

கோபுரத்துக்குக் காவல்காரர் இல்லை. திறப்பு எதிரேயுள்ள பேக்கரியில் இருக்கும். அங்கே அவுஸ்வைசைக் கொடுத்தால் அந்த அடையாள அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுத் திறப்பைத் தருவார்கள். இறங்கிவந்து திறப்பைக் கொடுத்தால் அட்டை திரும்பி வரும். அவ்வளவுதான் ஒழுங்கு. ஆரும் ஆரையும் சந்தேகப்படுவதில்லை.

ஆனால் பேக்கரிக்கார அம்மா என் எட்டுப் பேரையும் கண்டு, "படி ஒடுக்கம், இரண்டிரண்டு பேராகத்தான்" என்று மறித்துவிட்டா. இரண்டிரண்டாய் ஏறினால் பொம்மை மணிக்கூடு போய்விடும், சந்தை போய்விடும்! நான் இடுப்பில் கை வைத்தேன், அவவும் வைத்தா. பின்னால் பாண் வாங்க வந்த சனம் தெருமட்டும் நிற்கிறது. நாலு பேர் என்றா, எட்டு என்றேன். ஆறு என்றா, எட்டு என்றேன். கடைசியில் எட்டுக்கு ஒத்துக்கொண்டா, ஒரேயொரு நிபந்தனை: திறப்பு என் கையை விட்டுப் போகக்கூடாது. சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவ சொன்னா: "என் மனுசனோடு முப்பது வருடம் சண்டை பிடித்திருக்கிறேன், இவ்வளவு நல்ல சண்டை ஒருநாளும் கிடைத்ததில்லை."

கையில் இரும்பு

திறப்புத் தொலைந்த நாள் ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை. இரண்டு குடும்பம் கொலோன், ஒரு குடும்பம் ஹனோவரிலிருந்து கொலோனுக்கு வந்து நின்றது. எல்லாரும் தொலைபேசியில் பதிந்து வந்தவர்கள், எனக்கு முன்பின் பழக்கமில்லை. கோபுர உச்சியில் அன்றைக்கு என்ன வெளிச்சம்! சிவத்த ஓடுகள், மதில், ஆற்றின் வளைவு எல்லாம் கையெட்டுகிற தூரத்தில். எல்லாரும் கூவுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். திடீரென்று ஹனோவர்த் தம்பி கீழே எட்டிப் பார்த்தவர் அப்படியே வெளிறி விழுந்தார். கை கால் உதறுகிறது. "வலிப்பு! வலிப்பு! இரும்பு குடுங்கோ, கையிலை இரும்பு குடுங்கோ!" என்று ஆரோ கத்தினார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைப் பொத்திக் கொடுப்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து பழகினது. மற்றவர்களின் கார்த் திறப்புகளில் பாதி பிளாஸ்டிக். என் கையிலோ ஒரு சாண் இரும்பு. யோசிக்கவில்லை. தம்பியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

வலிப்புமில்லை ஒன்றுமில்லை. சனி விரதம், காலையிலிருந்து பச்சைத் தண்ணியும் குடியாமல் நூற்றிருபது படி ஏறியிருக்கிறார்! நானும் இன்னொருவரும் கைத்தாங்கலாய் இறக்கினோம், மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். இழுத்தால் தானே பூட்டிக்கொள்கிற கதவு, கடைசியாய் வந்தவர் இழுத்து விட்டார். பேக்கரிக்கார அம்மா தெருவைக் கடந்து சீனி போட்ட தேத்தண்ணியும் பணிசுப் பன்னும் கொண்டு ஓடிவந்தா. மனுசன் செத்துப் பிழைத்திருக்கிறார் என்று நாங்கள் சுற்றி நின்று மூச்சுப் பிடிக்கிறோம். அவர் பணிசை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அக்கா, இதுக்குள்ளை முட்டை கிடக்கோ?"

லாச்சிக்குள் கிடந்த அட்டை

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், என் அவுஸ்வைஸ் இல்லை. அது பேக்கரி லாச்சிக்குள். அப்படியென்றால் திறப்பு? எல்லாருக்கும் தொலைபேசி அடித்தேன். "கண் முழிக்கேக்கை கையிலை ஒண்டும் இல்லை அக்கா, ஆரோ வாங்கினவை" என்றார் தம்பி. வாங்கினதாக ஆரும் சொல்லவில்லை. நான் கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். ஒருவரைக் கள்ளனென்றும் சொல்லிவிட்டேன். அந்தச் சத்தத்தில், சொல்ல வாயெடுத்தவரும் வாயை மூடியிருப்பார் என்று இப்போது விளங்குகிறது. விளங்கி என்ன?

திங்கட்கிழமை விடிய ஓடினேன். அட்டையை எப்படிக் கேட்டு வாங்குவதென்று வழி முழுக்கச் சொற்களை அடுக்கினேன். உள்ளே கால் வைக்கவும் அவ லாச்சியை இழுத்து, அட்டையை எடுத்து மேசையில் வைத்தா. நானே சொன்னேன், வலிப்பு, இரும்பு, எல்லாம். அவ சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. நகரசபைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பாணைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னா: "நான் தொலைத்துவிட்டேன் என்று சொன்னேன், உங்கள் பெயரைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமை உங்கள் வானை இந்தப் பக்கம் விடமாட்டார்கள், பிறகு நான் ஆரோடு சண்டை பிடிக்கிறது?"

ஏச்சு வாங்கினால் எனக்கு நித்திரை வரும், திருப்பி ஏசிவிட்டுப் படுப்பேன். இதற்கு என்னத்தைத் திருப்பிக் கொடுப்பது? நகரசபை அவவிடமிருந்து கோபுரப் பொறுப்பை எடுக்கப்போகிறது. பனி முடியும் மட்டும்தான் பொறுப்பார்களாம். ஆகவே திறப்பை வாங்கின அண்ணையோ அக்காவோ, கேளுங்கோ. நீங்கள் களவெடுக்கவில்லை. தம்பியின் கையிலிருந்து விழாமல் வாங்கி, பைக்குள் போட்டு, பதற்றத்தில் மறந்துபோனீர்கள். பிறகு என் சத்தத்துக்குப் பயந்தீர்கள். கள்ளனென்று சொன்னதற்கு இதிலேயே மன்னிப்புக் கேட்கிறேன். பெயர் போடாமல் ஒரு கடித உறைக்குள் வைத்து இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்புங்கோ, முத்திரை ஒட்டாவிட்டாலும் பறவாயில்லை. ஆரென்று நான் கேட்கமாட்டேன்.

இந்த நாட்டில் எல்லாத்தையும் பேரம் பேசி வாங்கினவள் சொல்கிறேன், சும்மா கிடைத்த ஒன்றுக்குக் குறைக்க விலையே இல்லை, அதனால் மறுபேச்சில்லாமல் அந்தத் திறப்பை அனுப்பிவிடுங்கோ!