மீனம்மாவின் ரொட்டி

ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு கட்டை தூரம் நடந்தால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் செல்லசாமியைப் பொறாமைக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. பொறாமைப்பட அவருக்குக் காரணம் கிடைத்ததில்லை என்பதுதான் உண்மை. பெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினில் இராவேலை. லயத்து வரிசையில் மழைக்கு ஒழுகாத ஒரு காம்பரா வீடு. ஒரே மகள் லோஜினி, வகுப்பில் மூன்றாவதாக வருகிற பிள்ளை. அவரிடம் இல்லாதது எதுவும் பக்கத்துக் காம்பராவிலும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நல்ல மனிதராக இருப்பது பெரிய கஷ்டமில்லை.

அவருக்கு ஒரு இரகசியம் இருந்தது. அவர் ரொட்டி சுடுவார்.

லோஜினி பிறந்த வருஷம் தொடங்கியது. மனைவி மீனம்மா கைக்குழந்தையோடு திண்டாடியபோது, விடியப்புறம் பெக்டரியிலிருந்து திரும்பியவர் மாவில் கை வைத்தார். பிள்ளை வளர்ந்தது, கையை மட்டும் அவர் எடுக்கவில்லை. பெக்டரியில் அரைத்த கொழுந்தைப் பரப்பி வைக்கும் அறையில் ஈரத்துணி தொங்கவிடுவார்கள். காற்றுப் பட்டுக் காய்ந்தால் தூள் கெட்டுப்போகும். அதே யோசனையில் கோதுமை மாவையும் தேங்காய்ப் பூவையும் பிசைந்து, ஈரத்துணியால் மூடிவிட்டுக் குளிக்கப் போவார். வந்து தட்டுவார். பத்து மணிக்கு மீனம்மா கொழுந்து மலையில் பால் விடாத தேத்தண்ணியோடு பிரித்தாலும் அந்த ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும். மீனம்மாவோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் பிய்த்துத் தின்றுவிட்டு அவளுடைய கையைப் புகழ்ந்தார்கள். அவள் மறுக்கவில்லை. மறுத்தால் புருஷனுக்குத்தான் வெட்கம் என்று நினைத்தாள். அது ஓரளவு சரி. பொண்டாட்டி சேலையைத் துவைக்கிறவன், பிள்ளைக்குத் தலை வாருகிறவன் என்று தோட்டத்து ஆண்களைப் பெக்டரியில் வைத்துக் கிண்டலடிப்பதில் முதல் ஆள் செல்லசாமிதான். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டாருக்கு ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். மீனம்மா எழுந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் அப்போது போர்வைக்குள் இருப்பாள்.

2004 ஏப்ரலில் இந்த ஏற்பாட்டுக்குக் கேடு வந்தது. மீனம்மாவின் தங்கை வேலாயியைக் கட்டியவன் பழனியாண்டி, செல்லசாமிக்குச் சகலை. மரக்கறி லொறி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஒரு பழைய வேனை வாங்கிப் பக்கத் தகரத்தை வெட்டிக் கடையாக்கி, நுவரெலியா சீசனுக்கு வாவிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினான். வேன் கடைகளுக்கென்றே அந்த வருஷம் அங்கே நாலு நாள் விழா. குடும்பத்தோடு வரவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தான்.

வருஷப் பிறப்புக்கு எடுத்த உடுப்பை மறுபடியும் உடுத்திக்கொண்டு மூவரும் பஸ் ஏறினார்கள். சகலையின் வியாபாரம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று செல்லசாமி வழியில் இரண்டு தடவை சொன்னார். அளவோடு நல்லபடியாக என்பதை மனத்துக்குள் சேர்த்துக்கொண்டார்.

வாவிக்கரையில் பதினைந்து இருபது வேன்கள் வரிசையாக வயிற்றைத் திறந்துகொண்டு நின்றன. ஒன்றில் கொத்துரொட்டி, ஒன்றில் அவித்த சோளம், ஒன்றில் கிண்ணத்தில் ஸ்ட்ரோபெரி. குளிருக்கென்று கொழும்பிலிருந்து வந்தவர்கள், குளிருகிறது என்று சந்தோஷமாக முறையிட்டுக்கொண்டு, உடம்புக்குப் போதாத ஜக்கெட்டுகளோடு நடந்தார்கள். எல்லாவற்றிலும் நீளமான வரிசை பழனியாண்டியின் வேனுக்கு முன்னால். நெற்றியில் சிங்களத்தில் பெரிதாக ‘வத்து ரொட்டி’, கீழே தமிழில் சிறிதாகத் ‘தோட்டத்து ரொட்டி’. இடித்த சம்பலோடு இரண்டு ரொட்டி, வாழை இலைத் துண்டில்.

பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி கொண்டுபோக லோஜினி வெட்கப்படுவாள். டவுன் பிள்ளைகள் சிரிப்பார்களாம். அந்த ரொட்டிக்குத்தான் கார்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். செல்லசாமி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். வேனுக்குள் மாவுப் பாத்திரத்தின்மேல் கிடந்த ஈரத்துணியைக் கண்டதும்தான் பொறுமை போனது.

“வாங்கண்ணே, அக்கா, வாங்க. கூட்டத்தப் பாத்தீங்களா? எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான்” என்றான் பழனியாண்டி.

விஷயம் இதுதான். தீபாவளிக்கு வந்திருந்தபோது வேலாயி பக்குவம் கேட்டிருக்கிறாள். மீனம்மா பதினாலு வருஷம் போர்வைக்குள் இருந்தபடி அடுப்படியில் பார்த்ததையெல்லாம், துணி எவ்வளவு நனைய வேண்டும் என்பது உட்பட, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். செய்கிறவர்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

செல்லசாமி ஒரு விள்ளல் வாயில் போட்டார். மோசமாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது எந்தச் சாமிக்கும் கேட்கவில்லை. உப்புத் தூக்கல் என்றார். லோஜினி, இல்லை, நம் வீட்டு ரொட்டி மாதிரியேதான் இருக்கிறது என்றாள். அவளுக்கு உண்மை தெரியும். வெளியே சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

சகலை திருடியிருந்தால் திட்டலாம். அவன் திருடவில்லை. வந்தவர்களிடமெல்லாம் மீனம்மாவைக் காட்டி, இந்த அக்காவின் ரொட்டிதான் இது என்று சிங்களத்தில் நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தான். கொழும்பு அம்மா ஒருவர் மீனம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கலியாணப் படத்தில்கூட மீனம்மா அப்படிச் சிரிக்கவில்லை. செல்லசாமியின் பொறாமை அந்த இடத்தில் சகலையை விட்டு இறங்கி மனைவியின் மேல் ஏறியது. சகலையை மறந்து, கட்டிக்கொண்டவளைப் பார்த்து வயிறு எரிகிற நிலைமை அவருக்கே புதிதாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் பேர் தனக்கு வரும். பேரோடு பெக்டரியின் சிரிப்பும் வரும். பேரை அவர் மீனம்மாவுக்கே விட்டுவிட்டார்.

கொழும்பு அம்மா, அக்காவின் கையாலேயே வேண்டும் என்று கேட்டார். பழனியாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஏறுங்கக்கா. ஒங்க கையால நாலு தட்டிக் குடுங்க.”

மீனம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் வாவிக்கரையில் சவாரி போன மட்டக்குதிரையை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏறினாள்.

மாவு கையில் ஒட்டியது. ஓரம் வெடித்தது. தகட்டில் விழுந்த ரொட்டி ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெள்ளையாகவே இருந்தது. கை பழக்கம் விட்டுப்போச்சா என்று தங்கை கேட்டாள். பெரிய தகடு, பழக்கமில்லை என்றாள் அக்கா. இரண்டாவது இன்னும் மோசம். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த இரண்டு ரொட்டி வேகிற நேரம் செல்லசாமி பரம நிம்மதியாக இருந்தார். அதை நினைத்துப் பிற்பாடு வெட்கப்பட்டார் என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

பழனியாண்டி விசுவாசமுள்ளவன். அசல் தோட்டத்து ரொட்டி இப்படித்தான் இருக்கும், மற்றதெல்லாம் டவுன் ஆட்களுக்காகச் செய்வது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா நம்பினார். கருகிய ரொட்டியைக் கடித்து, கண்ணை மூடி, இதுதான் உண்மையான ருசி என்றார். பின்னால் நின்றவரும் தனக்கு அதே மாதிரி வெடித்த ரொட்டிதான் வேண்டும் என்றார்.

மனைவி தலைகுனிவதைத் தாங்கிக்கொண்ட மனிதருக்குக் கெட்ட ரொட்டி பேர் வாங்குவதைத் தாங்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேனில் ஏறினார்.

“எறங்கு மீனா. மாவு இன்னும் பதத்துக்கு வரல.”

பாத்திரத்தை மறுபடியும் ஈரத்துணியால் மூடி, கொழும்புக்காரர்களைக் கால்மணி நேரம் குளிரில் நிறுத்தி வைத்தார். பிறகு தட்டத் தொடங்கினார். வட்டம் தானாக விரிந்தது. பழனியாண்டி சம்பல் கரண்டியைப் பிடித்தபடி நின்றான்.

“அண்ணே, நீங்க எப்ப ரொட்டியெல்லாம்…”

“பதினாலு வருஷமா நாந்தான் சுடுறேன்.”

வேலாயி வாயில் கையை வைத்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். மாவு தீரும்வரை செல்லசாமி இறங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மீனம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கந்தப்பொல தாண்டியதும் திரும்பினாள்.

“அந்தம்மா நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க” என்றாள்.

“அவங்களுக்கு என்னா தெரியும்?”

“அதுகூட ஒங்களுக்குப் பொறுக்கல.”

அவர் மிச்சக் காசைக் கேட்டுக் கண்டக்டரைத் தேடினார்.

செய்தி வேலாயி மூலம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பெக்டரியில் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் இருவர் தனியாகக் கூப்பிட்டு, மாவுக்குத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். செல்லசாமிக்கு உச்சி குளிர்ந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கலாம்.

ஆனால் மறுநாள் காலை அவர் வீடு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மீனம்மா ரொட்டி சுட்டு முடித்திருந்தாள். தடித்து, ஓரம் வெடித்து, வரட்டி மாதிரி நாலு. அவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். அவர் தூங்காமல் காத்திருந்தார். பின்னேரம் கூடையை இறக்கியவளிடம், கூட இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

“பல்லு போயிரும்னாங்க.”

“பாத்தியா?”

“பேச்சியம்மா அக்கா தண்ணி கொஞ்சம் கூடச் சேக்கச் சொல்லுச்சு. மாவ ரொம்ப அழுத்தாதேன்னும் சொல்லுச்சு. நாளைக்கி வந்து பக்கத்துல இருந்து காட்டித் தாரேன்னுச்சு. பத்து மணியில இருந்து ஒரே சிரிப்பு.”

“அதான் நான் இருக்கேனே. எங்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?”

“ஒங்கள யாரு கேட்டா?” என்று அவள் முகம் கழுவப் போனாள்.

பதினாலு வருஷம் அவருடைய ரொட்டியைத் தின்றவர்கள் புகழ்ந்தார்கள். அதற்குமேல் சொல்ல அதில் அவர்களுக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மோசமான ரொட்டி ஒரே நாளில் மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. அன்று வேலைக்குப் போகிற வழியில் பேச்சியம்மாவின் புருஷன் எதிரே வந்து சுகம் விசாரித்தார். செல்லசாமி அந்த மனிதரைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டவில்லை.