வேப்பமரத்தடிப் புதையல்

அசோக் நகரிலிருந்து அபிராமபுரத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில், என் மகளை ஃப்ளாட்டுப் பிள்ளைகள் யாருமே விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. எட்டு வயசு. சாயங்காலமானால் பால்கனியில் நின்று, கீழே அவர்கள் ஓடிப்பிடித்து ஆடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"புதையல் வேட்டை வெச்சா பசங்க தானா வருவாங்க," என்றார் என் கணவர். அவருக்கு யோசனைக்கு என்றுமே பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிஸ்கட் டப்பாவில் மிட்டாயும் பென்சிலும் போட்டு, மண் ஒட்டாமலிருக்க மஞ்சள் துணியில் சுற்றி, தெருமுனை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். ஆடி மாதம், வேப்பமரம், மஞ்சள் துணி. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று படித்த மனுஷருக்குத் தோன்றவேண்டாமா? எனக்கும்தான் தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

குறிப்புச் சீட்டு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பிள்ளைகள் தெருத்தெருவாக ஓடினார்கள். என் மகள் எல்லோருக்கும் பின்னால். கடைசிச் சீட்டில் 'இலை கசக்கும், நிழல் இனிக்கும்' என்றிருந்தது. மரத்தடிக்குப் பாய்ந்த கும்பல் அப்படியே நின்றுவிட்டது. மூட்டைக்குக் குங்குமம் வைத்து, பூ சுற்றி, எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். தெருமுனையில் பூ விற்கும் பூக்காரம்மா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்கறீங்க? ஆத்தா வந்துகீது, கும்புட்டுக்கோங்க."

பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தொட ஒருவருக்கும் தைரியமில்லை. என் கணவர் திருதிருவென்று முழித்தார். போச்சு, இனி இவளை யார் சீண்டப்போகிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது என் மகள் முன்னால் போய் மூட்டையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அம்மா, உள்ள எங்க மிட்டாய் இருக்கு. எல்லாரும் ரொம்ப ஓடியிருக்காங்க. எடுத்துக்கட்டுமா? துணியும் பூவும் நீயே வெச்சுக்கோ."

பூக்காரம்மா அவளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கொயந்த கேட்டா ஆத்தா இல்லன்னுமா? எட்துக்கோ கண்ணு."

முதல் மிட்டாய் பூக்காரம்மாவுக்குப் போனது. மீதி நிமிஷத்தில் காலி.

மறுநாள் சாயங்காலம் காலிங்பெல் அடித்தது. வாசலில் பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். "ஆன்ட்டி, அவள அனுப்பறீங்களா? எங்க டீம்ல ஆள் கொறையுது."

பாலைக் குடித்துவிட்டுப் போ என்று நான் சொல்லி முடிப்பதற்குள், செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கிவிட்டாள். ஆடை படிந்த அந்தப் பாலை நின்றபடி நானே குடித்தேன். அவ்வளவு ருசியான பாலை நான் குடித்ததேயில்லை.