மூட் அவுட் ஆனவரும் மூஞ்சி தூக்கினவளும்

எங்க வீட்டுக்காரருக்குத் துக்கம் வராது. கவலை, விசனம், மனவருத்தம் எதுவுமே வராது. அதெல்லாம் வேட்டி கட்டினவர்களுக்கு வருவது. ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் பேண்ட் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு வந்ததெல்லாம் மூட் அவுட்தான்.

எண்பதுகளில் கல்யாணமாகி நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த புதுசு. ஒருநாள் சாயங்காலம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொடப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அவனுக்கு மூட் அவுட்டு. செத்த நேரம் பேசாம இரு."

விசாரித்தால், வெள்ளைச் சட்டைக்கு நான் நீலம் கூடுதலாகப் போட்டுவிட்டேனாம். ஆபீஸில் எவனோ பார்த்துச் சிரித்தானாம். அம்புட்டுத்தான். அதற்கு வீட்டில் ரேடியோ நின்றது, மிக்சி நின்றது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக்கூட விரட்டிவிட்டோம். வெங்காய பஜ்ஜி வாசம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்செட் இதைவிட ஒரு படி மேலே. அப்செட் ஆனால் சாப்பாடு வேண்டாம் என்பார், கெஞ்சினால் தயிர்சாதத்துக்குச் சம்மதிப்பார். கேபிள் டிவி வந்த கையோடு டென்ஷனும் வந்து சேர்ந்தது. பஸ் பிந்தினால் டென்ஷன், கரண்ட் போனால் டென்ஷன், காபியில் ஆடை மிதந்தால் அதற்கும் டென்ஷன்.

நானும் மனுஷிதானே. எனக்கும் மனசு சரியில்லாத நாள் உண்டு. அன்றைக்கு மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "காலையிலருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுறா" என்பார். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தால் மூட் அவுட். நான் அடுப்பைப் பார்த்து நின்றால் மூஞ்சி தூக்கல். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிரமோஷன் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போன வருஷம் டிப்ரஷன் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய இடத்துச் சீக்கு. லீவு போட்டுப் படுத்தார். மாமியார் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தார், திருஷ்டி கழித்தார். சொந்தபந்தமெல்லாம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதற்கு அடுத்த வருஷம் எங்கப்பா இறந்துபோனார். காரியம் முடிந்ததும் என்னை ராஜபாளையத்துக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றையாக. எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. குழம்பைக் கிண்டும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டும். ஒரு மாசம் அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன்.

"எனக்கே ஆபீஸ்ல டென்ஷன். இந்த நேரத்துல போறேங்கிற" என்றார் அவர்.

"சாவு எந்த வீட்டுல விழல? அதுக்குன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தா ஆச்சா?" என்றார் மாமியார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கவே இல்லை. காபி கேட்டு அவர் வந்து நின்றார். சுவரைப் பார்த்தபடியே சொன்னேன்.

"எனக்கு டிப்ரஷன்."

ஓரக்கண்ணால் பார்த்தேன், திருதிருவென்று முழித்தார். "அதெல்லாம் உனக்கு எப்படி வரும்?" என்றார்.

"உங்களுக்கு வந்த மாதிரிதான்."

மத்தியானத்துக்குள் மாமியார் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார், கொஞ்சம் பெருமையாகவே. சாயங்காலம் வீட்டுக்காரரே பெட்டியைத் தூக்கி வந்து என்னை பஸ் ஏற்றிவிட்டார். பிழைத்துப்போகட்டும் என்று ஆப்பிள் வேறு வாங்கிக் கொடுத்தார்.

அம்மா வாசலிலேயே, "ஏட்டி, எப்படி விட்டாவ?" என்று கேட்டாள். உள்ளே போய் உட்கார்ந்து, அவர் முழித்த முழியிலிருந்து மாமியார் தெருவில் அளந்தது வரைக்கும் நடித்துக் காட்டினேன். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"வத்திராயிருப்புல எங்கம்மா செத்தப்ப, பொணத்த எடுத்த கையோட உங்கப்பா என்னையக் கடைசி பஸ்ஸுல கூட்டிட்டு வந்துட்டாவ. ரெண்டு நாளு இருந்துட்டு வாரேன்னு கேட்டேன். காலையில சோறு யாரு பொங்குவான்னாவ. இப்படி ஒண்ணு சொல்லலாம்னு எனக்குத் தெரியாமப் போச்சு பாரு" என்றாள் அம்மா.

எதிர்ச் சுவரில் மாலை போட்டு அப்பா படம் மாட்டியிருந்தது. அந்த மனுஷனுக்காகத்தான் நான் அத்தனை நாளும் சோறு தண்ணியில்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.