பழவேற்காட்டுக்கு ஒரு பேட்டரியோடு போனேன்

போன மாதம் ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு என் கல்லூரித் தோழி ஷகிலாவுக்கு ஆன்லைனில் தட்டச்சுத் தேர்வு. தேறினால் வீட்டிலிருந்தே வேலை. இல்லையென்றால் மூன்று வயது மகளை விட்டுவிட்டுத் தினமும் மீஞ்சூர் கம்பெனிக்கு ஓடவேண்டும். தேர்வைக் கைபேசியில் எழுத முடியாது. மடிக்கணினியின் பேட்டரியோ செத்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்துப் பத்து முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை என்று அறிவிப்பு வேறு. கூரியரை நம்பி உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. புது பேட்டரியை 2,300 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு நானே கிளம்பினேன்.

சென்ட்ரலில் 6.50 மின்ரயில், பொன்னேரிக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இருபது கிலோமீட்டர், பேருந்தில் முக்கால் மணி நேரம். வலப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் வறுத்தெடுக்கும். ஒன்பது மணிக்கு ஷகிலா வீட்டில் இருந்தேன்.

பேட்டரியைப் பொருத்தி, சார்ஜரைச் செருகித் திறந்தால், 'பேட்டரி இல்லை' என்கிறது திரை. மாடல் எண்ணைச் சரிபார்த்தேன், பொருந்தியது. கழற்றிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தேன். பேட்டரி டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன். ஊஹூம். சரியாகப் பத்து மணிக்கு கரண்ட் போனது, கணினியும் அணைந்தது. ஷகிலா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வீம்பு ஏறியது. இவ்வளவு தூரம் வந்து சும்மா திரும்புவதா?

பேட்டரியை மறுபடி கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரி உட்காரும் இடத்துப் பித்தளைப் பற்களில் மஞ்சளாக ஏதோ பளபளத்தது. ஷகிலாவின் கணவர் அன்வர் படகு எஞ்சின் மெக்கானிக். வாசலில் ஏதோ எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இதுல இன்னா தடவுனீங்க?"

"கிரீசுமா. நேத்து பழசக் கழட்டுறப்ப வெச்சேன். உப்புக் காத்து அரிச்சுரும்னு போட் பேட்டரிக்கெல்லாம் வெப்போம்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. படகு பேட்டரியின் முனை கட்டைவிரல் பருமன், இறுக்கி முடுக்கினால் கிரீஸ் விலகிவிடும். இங்கே ஒவ்வொரு பல்லும் ஊசி மாதிரி, கிரீஸ் விலகாமல் மின்தொடர்பை மறித்துவிடும். ஆனால் நல்லது செய்வதாக நினைத்துச் செய்த மனிதரைத் திட்டவும் வாய் வரவில்லை. மருந்துக் கடைக்கு அவரையே விரட்டினேன். ஸ்பிரிட் வந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் அரை மணி நேரம் தேய்த்து, இன்னொரு அரை மணி நேரம் காயவிட்டுப் பொருத்தினேன். கணினியில் விளக்கு எரிந்தது. கடையிலிருந்து வரும்போதே பேட்டரியில் இருந்த சார்ஜ், 46 சதவீதம்.

நாற்பது நிமிடத் தேர்வுக்கு அது போதும் என்று கணக்குப் போட்டு, மூன்று மணிவரை யாரையும் தொடவிடவில்லை. என் கைபேசியிலிருந்து இணையம் கொடுத்தேன். அன்வர் சொல்லாமலே எஞ்சினை நிறுத்திவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டார். முடித்தபோது 11 சதவீதம். ஷகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கடலோரம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: புது பேட்டரியைக் கணினி ஏற்காவிட்டால் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு முதலில் அந்தப் பற்களைப் பாருங்கள். பொன்னேரிக்குத் திரும்பும் பேருந்தின் நேரத்தையும் இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒரு மணி நேரம் நின்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. நேற்று ஷகிலா ஒரு படம் அனுப்பினாள். அலமாரியில் கிரீஸ் டப்பா, அதன்மேல் அன்வர் தன் கையாலேயே எழுதி ஒட்டிய சீட்டு: 'ஷகிலா ஆபீசுக்கு இது வேணாம்.'