கைப்பிடியில் கை வைத்த பிறகு

தெருவில் அவருக்குப் பெயர் கதவு டாக்டர். வீட்டின் முன்னறைதான் மருத்துவமனை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், எல்லோரையும் கொஞ்சம் மெலிந்தவர்களாகக் காட்டி மகிழ்விக்கும் ஓர் எடை இயந்திரம். பார்த்து முடித்ததும் டாக்டரம்மா எழுந்து நோயாளியோடு கதவு வரை நடப்பார். மரியாதைக்காக அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதெல்லாம் சளி, இருமல், முட்டிவலி. சொல்ல வந்ததைச் சொல்வது கைப்பிடியில் கை வைத்த பிறகுதான். "அப்புறம் டாக்டரம்மா, இன்னொண்ணு..."

தையல்காரரின் மனைவி ஒருநாள் தலைவலி என்று வந்தாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவருகே போனவள், திரும்பாமலே, "உயிரோட இருக்கவே பிடிக்கல டாக்டரம்மா" என்றாள். டாக்டர் அவளை மறுபடி உட்காரவைத்துக் கேட்டு முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் அன்று வாய் வலிக்கத் திட்டினார்கள். இன்றைக்கும் டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் வைத்துத் தருவது அவள்தான்.

இப்படி இருக்கையில், மக்களுக்கு உடம்பு சரியில்லை என்பதை அரசாங்கம் திடீரென்று கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மருத்துவச் சீர்திருத்தக் குழு பிறந்தது. தலைவர் அதற்கு முன் துறைமுகங்களைச் சீர்திருத்தியவர். கப்பலும் நோயாளியும் வந்து போகிறவைதானே. கூடவே ஒரு கணக்கு நிபுணர், ஒரு கட்டட நிபுணர், ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவராவது இருந்தால் நன்றாயிருக்குமே என்று கடைசியில் யாருக்கோ தோன்ற, குடும்ப டாக்டர்களின் பிரதிநிதியாக நம் கதவு டாக்டரைச் சேர்த்தார்கள்.

"உன்னை எதுக்குப் போட்டிருக்காங்க தெரியுமா?" என்றார் முன்னறையில் மருந்து எடுத்துக்கொடுக்கும் கணவர். "போட்டோவுல ஒரு ஸ்டெதாஸ்கோப் குறைஞ்சிருக்கும்."

கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைத்தது கதவை ஒட்டிய கடைசி நாற்காலி. மேசையில் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். கணக்கு நிபுணர் நாக்கை நீட்டினார். கட்டட நிபுணர் காலணியைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினார். தலைவர் மட்டும் கௌரவமாக, "கொஞ்சம் நெஞ்செரிச்சல், டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பல மாத உழைப்பில் குழு ஒரு முத்தான விதியைப் பெற்றெடுத்தது. நோயாளிக்கு ஏழு நிமிடம். பிறகு மணி அடிக்கும், கம்ப்யூட்டர் அவர் கோப்பைப் பூட்டும், அடுத்தவர் உள்ளே வர வேண்டும். மீறும் மருத்துவமனைக்கு உரிமம் ரத்து.

டாக்டர் அன்றுதான் மேசையில் வாய் திறந்தார். "சார், ஏழு நிமிஷத்துல சளியைச் சொல்லிடுவாங்க. மிச்சத்தை எப்போ சொல்லுவாங்க?"

"அடுத்த தடவை வரும்போது சொல்லட்டுமே" என்றார் தலைவர்.

"அடுத்த தடவை வரணுமே, சார்."

தலைவர் ரசித்துச் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் கையெழுத்து என்று முடிவாயிற்று.

"நீ கதவு வரைக்கும் நடக்காம இருக்க மாட்டே. உரிமம் போயிடுச்சுன்னா என்னம்மா பண்றது?" என்று வீட்டில் கேட்டார் கணவர்.

"கதவைக் கழட்டி வித்துடலாம்" என்றார் டாக்டர். சொன்னாரே தவிர, அன்று சாப்பாட்டில் அவர் கை அளைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் மற்றவர்கள் கையெழுத்திட்டுக் கிளம்பினார்கள். டாக்டர் கையெழுத்திடவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. தலைவர், அறையில் போய் நிதானமாகக் கையெழுத்திடலாம் என்று கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவுக்கு வந்தார். பழக்க தோஷம், டாக்டரும் எழுந்து கூடவே நடந்தார்.

தலைவரின் கை கைப்பிடியில் விழுந்தது. திறக்கவில்லை.

"அப்புறம் டாக்டர்... இன்னொண்ணு."

"சொல்லுங்க சார்."

"மாடி ஏறினா நெஞ்சை இறுக்கிப் பிடிக்குது. இடது கை மரத்துப்போகுது. வீட்ல சொல்லல. முதல் கூட்டத்துலயே உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். நேரமே அமையல."

"இப்பவும் உங்க ஏழு நிமிஷம் எப்பவோ முடிஞ்சிடுச்சு, சார்" என்றார் டாக்டர். சொல்லும்போதே அவரை அந்தக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து, நாடியைப் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. சரிசெய்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்த நாட்களில் தலைவர் கோப்பைத் திரும்பப் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக முழுவதும் படித்தார் என்பார்கள். ஏழு நிமிடத்தை அடித்துவிட்டார். அந்த இடத்தில் இப்படி ஒரு வரி வந்தது: 'நோயாளி எழுந்த பின்னரும் மருத்துவர் அவருடன் வாயில் வரை செல்ல நேரம் ஒதுக்கப்பட வேண்டும். தலைவரின் நேரடிக் கள ஆய்வில் தெரியவந்தது.' டாக்டருக்கு நன்றி கடைசிப் பக்கத்தில், தேநீர் சப்ளை செய்தவருக்கு அடுத்தபடியாக.

"தேநீருக்குக் கீழேயா?" என்று கொதித்தார் கணவர்.

"விடுங்க. அங்க தேநீர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் டாக்டர், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டபடி.

தலைவர் இப்போது அந்த முன்னறைக்குத்தான் வருகிறார். பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"இந்த ஆளு கதவுக்கிட்ட போனா நகரவே மாட்டாரு" என்கிறாள் தையல்காரரின் மனைவி. "இவருக்கு ஒரு மணியாவது அடிக்கக்கூடாதா, டாக்டரம்மா?"