கொழுந்தன் பக்கத்து வரப்பு

துமிரா யாரையும் நம்பியதில்லை. கோழி முட்டையிட்டால் அதன்மேல் கரித்துண்டால் கோடு போட்டுவைப்பாள். ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பெண்கள் எல்லோரும் சமையலுக்குக் கூடியாக வேண்டும். துமிராவும் போவாள், ஆனால் கத்திக்கும் தேங்காய்த் துருவிக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டுதான் போவாள். திரும்பும்போது அந்தப் பெயிண்ட் தன் பெயிண்ட்தானா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். விருந்துச் சோறு பொட்டலமாக வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டுக்குப் போன பொட்டலத்தில் கோழித்துண்டு எவ்வளவு பெரிது என்று விசாரித்த பிறகுதான் கை வைப்பாள். இப்படியும் ஒரு பிறவியா என்று ஊரே சிரிக்கும். அவள் அதையும் குறித்து வைத்துக்கொள்வாள்.

இதெல்லாம் சில்லறைச் சந்தேகம். அவள் ஆயுளைத் தின்றது வரப்பு.

ஆற்றுக்கு அக்கரை ஊரில் பிறந்தவள். அவள் அப்பாவின் வயலை, சித்தப்பன் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுகிற சாக்கில் வருஷத்துக்கு இரண்டு விரல் என்று கரைத்துக் கரைத்தே கால்வாசி விழுங்கிவிட்டான். அப்பா கடைசியில் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போய்ச் செத்தார். பதினேழு வயதில் சுகிமனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது அவள் முதலில் கேட்டது, பக்கத்து வயல் யாருடையது என்பதைத்தான். சுகிமனின் தம்பி பொனிரானுடையது. மாமனார் தன் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்து நடுவில் வரப்பு போட்டுக் கொடுத்திருந்தார். தம்பி என்று கேட்டதுமே அவளுக்குச் சித்தப்பன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சுகிமன் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். நடவுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவள் அவனைப் பிடித்துத் தள்ளுவாள்.

"போய் வரப்பைப் பாரு. உன் தம்பி மண்வெட்டியோட நிக்கிறான்."

அவனும் போவான். முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்து, தம்பி கொஞ்சம் வெட்டித்தான் இருந்தான், நான் திருப்பி எடுத்துவிட்டேன் என்பான். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று அவள் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடுவாள். பத்து நாள் வீட்டில் சத்தம் இருக்காது. முப்பத்தைந்து வருஷம் இப்படியே போயிற்று.

பொனிரான் ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவான். குற்றம் செய்யாதவன் எதற்கு ஒதுங்குகிறான் என்று அவள் மனசு கணக்குப் போடும். தன் கணக்கையும் அவள் விடவில்லை. நடவு முடிந்ததும் வரிசைகளை எண்ணுவாள். வந்த புதிதில் தொண்ணூறு வரிசை. பிறகு தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, கடைசியில் தொண்ணூற்று நாலு. குறையவில்லை அல்லவா, அதுவே போதும் என்றிருந்தாள். ஏன் கூடிற்று என்றால், வரிசை இழுக்கிற மரச்சீப்பில் தச்சன் பல்லை நெருக்கி வைத்து ஏமாற்றிவிட்டான் என்றாள். பாவம் அந்தத் தச்சன், சந்தையில் நாலு பேர் நடுவில் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சுகிமன் செத்து மூன்று வருஷம் ஆனபோது, நிலத்தையெல்லாம் அளந்து இலவசமாகப் பட்டா கொடுக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இருவரும் வரப்பில் நின்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றாலும் இருவருக்கும் பட்டா கிடையாது. துமிராவுக்குச் சோறு இறங்கவில்லை. செமாராங் நகரத்துப் பக்கம் தையல் கம்பெனியில் வேலை செய்கிற ஒரே மகள் வினார்த்திக்கு விட்டுப்போக அவளிடம் இருந்தது அந்த வயல் ஒன்றுதான். அதற்குக் கொழுந்தன் கைநாட்டு வேண்டுமாம். அளக்கிறதற்கு முதல்நாள் பொனிரான் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அவள் முதலில் ஆட்டுக்கு இரண்டு போட்டாள். ஆடு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மீதியை அவள் தொடவில்லை.

காலை ஒன்பது மணிக்கு நில அளவைக்காரப் பையன் நாடாவோடும் சிவப்புப் பெயிண்ட் அடித்த முளைகளோடும் வந்தான். ஊர்ச் செயலாளர் பழைய பதிவேட்டைப் பிரித்து வாசித்தார். ஆளுக்கு இருபத்திரண்டரை மீட்டர் அகலம். பையன் நாடாவைப் பிடித்தான். துமிராவின் வயல் இருபத்து மூன்றரை. பொனிரானுடையது இருபத்தொன்றரை.

நாடா இழுபடுகிறது என்றாள் துமிரா. ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு மறுபடி அளக்கச் சொன்னாள். அதே எண்தான் வந்தது. அப்போதுதான் தொண்ணூற்று நாலு வரிசையும் அவள் மண்டையில் உறைத்தது. நெல் அறுத்த தாள்கள் நிற்கிற அந்த வயலில் அவள் நாடாவின் நுனியைக் கீழே விட்டாள்.

பொனிரான் தொண்டையைச் செருமினான்.

"முளையை இப்ப வரப்பு இருக்கிற இடத்துலயே அடிங்க தம்பி. எனக்குச் சம்மதம்."

"என்ன கொழுந்தனாரே, திடீர்னு தருமப்பிரபு ஆயிட்டீங்க? மனசுல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல மதினி. அண்ணன் வெட்டுனது. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"அவரா? அவரு எதுக்கு வெட்டணும்?"

பொனிரான் செயலாளரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"நீங்கதானே அனுப்பி வைப்பீங்க. அவரு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் வெட்டுவாரு. 'ஒரு கொத்து எடுத்துக்கிறேன்டா, வெறுங்கையோட போனா அவ விடமாட்டா'ன்னுவாரு. நானும் சரிண்ணேன்னுடுவேன். அவரு கெட்ட ஆளு இல்ல மதினி. ரொம்பக் களைச்சுப்போன ஆளு."

துமிராவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த மனுஷன் உயிரோடு இருந்திருந்தால் இதே வரப்பில் நிறுத்திக் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்ததும் கோபம் போய் வெட்கம் வந்தது. யோக்கியனான புருஷனைத் திருடனாக்கியது தான்தான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அதை அவனிடம் சொல்ல அவன் இல்லாமல் போய்விட்டான். வேறு யார் மீதாவது பழியைப் போட வழி இருக்கிறதா என்று பழக்க தோஷத்தில் அவள் மனசு தேடிப் பார்த்தது. ஒருவரும் சிக்கவில்லை.

அவள் பையன் கையிலிருந்து முளையைப் பிடுங்கிக்கொண்டு, தன் வயலுக்குள் ஒரு பெரிய எட்டு வைத்து ஊன்றினாள். வேண்டாம் மதினி என்று பொனிரான் கையை நீட்டினான்.

"சும்மா இருங்க. தம்பி, நாடாவைப் பிடி. சரியா இருபத்திரண்டரை. ஒரு விரக்கடைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது, ஆமா."

பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாடாவை இழுத்தான். அவள் முளைக்குப் பக்கத்தில் குந்தி, நாடாவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கண் நிறைந்திருந்ததால் எண் தெரியவில்லை. முந்தானையால் துடைத்தாள். மறுபடி நிறைந்தது.

"எனக்குத் தெரியல," என்றாள். "கொழுந்தனாரே, நீங்க பாத்துச் சொல்லுங்க."

பொனிரான் குனிந்து பார்த்து எண்ணைச் சொன்னான். அவள் திரும்ப அளக்கச் சொல்லவில்லை.